வெயிலில் சமைக்க ஏற்ற இடம் எது? மலையகத்தில் நின்று ஒரு கணக்கு

சூரிய அடுப்பு என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்தில் ஒரே பதில்தான் வரும்: "இந்தக் குளிருக்குள்ள எங்க வெயில்ல சமைக்கிறது? அதெல்லாம் மன்னார், அம்பாந்தோட்டைப் பக்கத்துக்குத்தான் சரி."

மன்னாருக்கும் அம்பாந்தோட்டைக்கும் அது நம்மைவிட நன்றாகப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் அங்குள்ள வெக்கைதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் கணக்குப் பிசகுகிறது. உலகத்தில் சூரிய அடுப்பு அதிகமாகப் புழங்கும் பகுதிகளில் ஒன்று திபெத் பீடபூமி. லாசா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர்தான். லாசாவில் குளிர்காலத்தில் இரவில் தண்ணீர் உறைந்துவிடும். அப்படியும் வீட்டு முற்றத்தில் பெரிய குழிக் கண்ணாடியை நிறுத்தி, நடுவில் கேத்தலை ஏற்றித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

குளிர் தடையில்லை என்றால் வேறு எது தடை? அதை விளங்கிக்கொண்டால் உலகத்தில் எந்த ஊருக்குச் சூரிய அடுப்பு சரிவரும், எதற்குச் சரிவராது என்று நாமே சொல்லிவிடலாம். மலையகத்துக்கும் அதே கணக்குத்தான். மலையகத்தை ஒரே இடமாக எடுத்துக்கொண்டு "சரிவரும்" என்றோ "சரிவராது" என்றோ சொல்ல முடியாது என்பது என் எண்ணம். எந்தச் சரிவு, எந்த மாதம், எந்த நேரம் என்று கேட்க வேண்டும்.

சூடு எப்படிச் சேர்கிறது

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறிக்கும் ஸ்ட்ரோபெரிக்கும் போட்டிருக்கும் பொலித்தீன் கூடாரத்துக்குள் பகல் பத்து மணிக்கு நுழைந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வெளியில் சுவெட்டரோடு நிற்பீர்கள், உள்ளே போன இரண்டு நிமிடத்தில் கழற்றத் தோன்றும். வெயில் பொலித்தீனை ஊடுருவி உள்ளே வருகிறது. மண்ணிலும் இலையிலும் பட்டுச் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு திரும்ப வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. சூரிய அடுப்பிலும் நடப்பது இதேதான். மண்ணுக்குப் பதில் கறுப்புப் பாத்திரம், பொலித்தீனுக்குப் பதில் கண்ணாடி மூடி, அதோடு கூடுதல் வெயிலைத் திருப்பிவிட ஒரு பளபளப்பான தகடு.

இதை முதன்முதலாக ஒழுங்காக அளந்து பார்த்தவர் சுவிஸ் விஞ்ஞானி ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர். 1767இல் கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றைச் செய்து உள்ளே பழங்களை வேகவைத்தார். அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம்தான் நம்மைப் போன்ற மலைவாசிகளுக்கு முக்கியம். பெட்டியை ஆல்ப்ஸ் மலையில் உயரமான ஓர் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே வெளிக்காற்று சுமார் 6 பாகை செல்சியஸ், பெட்டிக்குள் சுமார் 88 பாகை. பிறகு கீழே சமவெளியில், வெளிக்காற்று 25 பாகை அளவில் இருந்தபோது வைத்துப் பார்த்தார். பெட்டிக்குள் ஏறக்குறைய அதே சூடுதான். வெளியில் எவ்வளவு குளிர் என்பது பெட்டியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தெளிவான விஷயம் இது. நாம் இன்னும் "குளிருக்குள்ள எப்படி" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் உயரத்தால் ஒரு நன்மையும் உண்டு. வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீற்றரில் விழும் சூரிய சக்தி சுமார் 1,361 வாட். தூசும் நீராவியும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, தெளிந்த வானத்தில் நடுப்பகலில் நிலத்துக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 1,000 வாட். மேலே போகப் போகக் காற்று மெலிதாகிறது, வெயில் கூர்மையாகிறது. மலையில் கொழுந்தெடுப்பவர்களின் முகம் குளிர்காலத்திலும் கருகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூரிய அடுப்பின் உண்மையான எதிரி மேகம். அடுத்த எதிரி காற்று.

மூன்று வகை அடுப்பு

இவற்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் எந்த இடத்துக்கு எது என்று சொல்ல முடியாது.

பெட்டி அடுப்பு: கண்ணாடி மூடியும் ஒரு பிரதிபலிப்புத் தகடும் உள்ள பெட்டி. நேர் வெயிலையும் பிடிக்கும், மெல்லிய மேகத்தினூடாகப் பரவி வரும் வெளிச்சத்தையும் ஓரளவு பிடிக்கும். அவசரமில்லாத அடுப்பு இது. சோறு, பருப்பு, கிழங்கு, கறி எல்லாம் அவியும். பொரிக்கவோ ரொட்டி சுடவோ உதவாது.

தட்டு அடுப்பு: அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டி மடித்து வைப்பது. பாத்திரத்தைச் சூடு தாங்கும் பொலித்தீன் பையில் போட்டு நடுவில் வைப்பார்கள். மலிவு, இலேசு. மழையில் ஒருமுறை நனைந்தால் கதை முடிந்தது.

குழி அடுப்பு: டிஷ் அன்டெனா போல இருக்கும். ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கிறது. 1.4 மீற்றர் விட்டமுள்ள ஒன்று நல்ல வெயிலில் பாத்திரத்துக்கு ஏறக்குறைய 600 வாட் கொடுக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் பத்து நிமிடத்தில் கொதிக்கும், பொரிக்கவும் முடியும். ஆனால் இதற்கு நேர் வெயில் மட்டுமே வேலை செய்யும். நிலத்தில் நிழல் கூர்மையாக விழாத நேரத்தில் இந்த அடுப்பு வெறும் தகடு. சூரியன் நகர நகர அடிக்கடி திருப்பவும் வேண்டும். குவிந்த ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகக்கூடாது, பிள்ளைகளை நெருங்க விடவே கூடாது.

பெட்டி அடுப்பின் வேகத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். கண்ணாடி 50 சென்ரிமீற்றருக்கு 50 என்றால் கால் சதுர மீற்றர். நல்ல வெயிலில் 250 வாட் உள்ளே வரும், பிரதிபலிப்புத் தகடு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். இதில் பாதிக்கு மேல் கசிந்துவிடும். பாத்திரத்துக்கு நூறு, நூற்று முப்பது வாட் சேர்ந்தால் நல்ல அடுப்பு. ஒரு லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 94 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 310 கிலோஜூல் வேண்டும். 130 வாட்டில் அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். நடைமுறையில் சூடு ஏற ஏறக் கசிவும் கூடும் என்பதால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்போடு ஒப்பிட்டால் ஆமை வேகம்தான். ஆனால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை, அடிப்பிடிக்காது.

94 பாகை என்று ஏன் எடுத்தேன்? உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். நுவரெலியாவில் 94, ஹட்டனில் 96, லாசாவில் 88 அளவில். அரிசியும் பருப்பும் மரக்கறியும் 85, 90 பாகையிலேயே வேகத் தொடங்கிவிடும் என்பதால் இது பெரிய இடைஞ்சல் இல்லை, நேரம்தான் கூடும். கடலை, கௌபி, காய்ந்த பட்டாணி மாதிரி இறுகிய பயறு வகைகள்தான் மலையில் சிரமம் கொடுக்கும். அவற்றை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும்.

உலகத்தில் எங்கே சரிவருகிறது

முதலில் சூரியன் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேல் இருக்கிறது, அடுப்பு வைக்கலாம் என்பது பழக்கத்தில் உள்ள எளிய விதி. லண்டனில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 15 பாகைதான் ஏறும். அங்கே கோடையில் மட்டும்தான் இந்த விளையாட்டு. நில நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 40 பாகை அகலாங்கு வரை உள்ள நாடுகளில் வருடத்தின் பெரும்பகுதி சூரியன் போதிய உயரத்துக்கு வந்துவிடும்.

அப்படியானால் நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் மிக நல்லது என்று தோன்றும். இல்லை. கொங்கோ காட்டுப் பகுதியில் சூரியன் தலைக்கு மேல்தான் நிற்கிறது, ஆனால் இடையில் மேகம். தெளிந்த வானம் அதிகமாகக் கிடைப்பது 15 முதல் 35 பாகை வரையுள்ள வறண்ட பட்டையில். சகாரா, அதன் தெற்கு ஓரத்துச் சாகேல், அரபு நாடுகள், ராஜஸ்தான், குஜராத், சிலியின் அடகாமா எல்லாம் அந்தப் பட்டைக்குள்தான் வருகின்றன. இவற்றோடு திபெத், பொலிவியா போன்ற உயர்ந்த வறண்ட பீடபூமிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வெயில் மட்டும் இருந்தால் மக்கள் வெயிலில் சமைக்கப் போவதில்லை. குவைத்தில் வெயிலுக்குக் குறைவா? எரிவாயு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் யாரும் பெட்டியை முற்றத்தில் வைக்க மாட்டார்கள். வெயிலும் இருந்து விறகுக்கும் கஷ்டம் இருக்கும் இடத்தில்தான் சூரிய அடுப்பு பிடித்துக்கொள்கிறது. கென்யாவின் ககுமா அகதி முகாமில் 1995இல் தட்டு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது இப்படித்தான். சாட் நாட்டின் இரிடிமி முகாமில், சூடானின் டார்பூரிலிருந்து ஓடிவந்த பெண்களுக்கு விறகு தேடி முகாமை விட்டு வெளியே போவதே உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்தாக இருந்தது. 2000களின் நடுப்பகுதியில் அங்கே அட்டையாலும் அலுமினியத் தாளாலும் செய்த அடுப்புகளைப் பெண்களே செய்து பரப்பினார்கள். எனக்கு இந்த இரிடிமிக் கதைதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஓர் அட்டைத் துண்டு ஒரு பெண்ணை ஒரு நாள் வெளியே போகாமல் காப்பாற்றுகிறது என்றால் அதன் பெறுமதியை வாட் கணக்கில் அளக்க முடியாது.

சிலியில் எல்கி பள்ளத்தாக்கில் வியாசேகா என்று ஒரு சிற்றூர். விறகு அருகிப்போன அந்த ஊரில் 1980களின் கடைசியில் பெண்கள் சூரிய அடுப்பில் சமைக்கப் பழகினார்கள். இன்று அந்த ஊரை மக்கள் தேடிப் போவதே அங்குள்ள சூரிய அடுப்பு உணவகத்துக்காகத்தான்.

தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பார்க்க வேண்டுமென்றால் ஆரோவில்லுக்குப் போகலாம். அங்குள்ள பொதுச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீற்றர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணம் அசையாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சமையற்கூடம் 1997இல் திறந்தது. கிண்ணத்தின் உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். சூரியனைத் தொடர்ந்து நகர்வது நடுவில் உள்ள குழாய் மட்டும்தான். அதில் உண்டாகும் நீராவி, தெளிந்த நாளில் ஆயிரம் பேர் அளவுக்குச் சமைக்கப் போதும். மேகம் மூடினால் டீசலில் ஓடும் கொதிகலன் கைகொடுக்கிறது. அந்தக் கொதிகலனை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் அந்தச் சமையற்கூடத்தின் புத்திசாலித்தனம். வெயிலையே நம்பி ஆயிரம் பேரைப் பட்டினி போட முடியாது இல்லையா?

மலையகத்தின் இரண்டு முகங்கள்

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சூரியனின் உயரத்தில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. மலையகம் வடக்கு அகலாங்கு 7 பாகையை ஒட்டி இருக்கிறது. சூரியன் மிகத் தாழ்ந்து போகும் டிசம்பர் 21, 22இல்கூட நடுப்பகலில் 59 பாகைக்கு மேல் நிற்கும். வருடத்தின் பெரும்பகுதியில் காலை 9 மணி தாண்டியதிலிருந்து பிற்பகல் 3 மணி வரை நிழல் நம்மைவிடக் குட்டைதான். இன்னொன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டு "தெற்குப் பார்த்து வை" என்று ஜூலையில் வைத்தால் தகடு நிழலில் நிற்கும்.

குறை மேகத்தில் இருக்கிறது. ஆனால் மேகம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கொழும்பிலிருந்து பதுளை ரயிலில் வந்தவர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயமாக இருக்கும். பட்டிப்பொலை தாண்டி உச்சிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது ஒரு பக்கம் மழையும் பனிமூட்டமும், ஒஹிய பக்கம் வெளியே வரும்போது பளிச்சென்று வெயில். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கச் சரிவுகளில் மோதி மேலேறி, ஈரத்தை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த கச்சான் காற்றாகிவிடுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் இதே கதை தலைகீழாகும். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் நனையும். மழை ஓய்ந்து ஜனவரி பிறந்தால் டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கம் வானம் தெளியும்.

இதற்கு மழைமானி எதுவும் வேண்டாம், தேயிலையைக் கேட்டாலே சொல்லிவிடும். ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறி ஏலத்தில் விலை போகும் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர். டிம்புள்ளைப் பக்கத் தேயிலைக்கு அது ஜனவரி முதல் மார்ச். அந்த மாதங்களில் காய்ந்த காற்றும் தெளிந்த பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்துதான் கொழுந்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கின்றன. சூரிய அடுப்புக்கு வேண்டியதும் அதே தெளிந்த பகல்தான். உங்கள் தோட்டத்தில் தேயிலை நல்ல விலைக்குப் போகும் மாதங்கள் எவையோ, அவையே உங்கள் வீட்டு முற்றத்தில் அடுப்பு வைக்க ஏற்ற மாதங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் நாட்களை நினைத்துப் பாருங்கள். இரவில் வானம் தெளிந்திருப்பதால்தான் தரை அவ்வளவு குளிர்ந்துபோகிறது. மறுநாள் பகல் பெரும்பாலும் நல்ல வெயில். கைவிரல் விறைக்கும் அந்தக் காலம்தான் நுவரெலியாவில் அடுப்புக்கு மிக நல்ல காலம்.

இந்தக் கணக்கில் எந்தெந்த ஊர் தேறுகிறது? வெலிமடை, ஊவா பரணகமை, பண்டாரவளைப் பக்கத்துக்கு முதலிடம் கொடுப்பேன். இவை மழைக்கு மறைவான பகுதிகள், நீண்ட காய்ந்த பருவம் உள்ளவை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே கச்சான் அடிக்கும் அடியில் குழி அடுப்பு ஒன்று குடையைப் போலப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பெட்டிதான் சரி, அதுவும் சுவரோரமாக, அடியில் கல் வைத்து. ஹப்புத்தளைக்கு வெயில் இருந்தாலும் பள்ளத்திலிருந்து ஏறிவரும் மூட்டம் பிற்பகலைப் பறித்துவிடும், காலை மட்டும்தான் கணக்கு. தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் வருடத்தில் மூன்று மாதம் உறுதியாகக் கிடைக்கும். வட்டவளை, கினிகத்தேனைக்காரர்கள் மனம் நோகக்கூடாது, ஆனால் நாட்டிலேயே அதிக மழை விழும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அங்கே சூரிய அடுப்புக்குக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காசை மின்சார ரைஸ் குக்கருக்கோ புகை குறைந்த நல்ல விறகு அடுப்புக்கோ போடலாம்.

மார்ச் கடைசி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டு பக்கமும் ஒரே கதைதான். காலை தெளிவு, இரண்டு மணிக்கு மேல் இடியும் மழையும். பத்து மணிக்கு வைத்து ஒன்றரைக்குள் எடுத்துவிட முடிந்தால் வையுங்கள்.

யாருடைய நேரம்

இடத்தைவிடச் சிக்கலானது நேரம். லயத்து வீட்டில் அடுப்பு எரியும் நேரம் விடியற்காலை நாலரை, ஐந்து. அப்புறம் மாலை வேலை விட்டு வந்த பிறகு. பகலில் வெயில் உச்சத்தில் நிற்கும்போது வீட்டுப் பெண் மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கிறாள். விடியற்காலையில் சுடும் ரொட்டிக்கு நேரடிச் சூடு வேண்டும், வெயிலும் வேண்டும். அந்த நேரத்தில் இரண்டும் கிடையாது. வெளியிலிருந்து வந்து சூரிய அடுப்பு கொடுப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான அடுப்புகள் மூலையில் தூசி படிந்து கிடப்பதற்குக் காரணம் வெயில் போதாமை இல்லை. அந்த வீட்டின் நேரத்தை யாரும் கேட்கவில்லை.

பகலில் ஆள் இருக்கும் இடங்களும் உண்டு. வேலையிலிருந்து நின்ற பாட்டி, தாத்தா உள்ள வீடு, பிள்ளை மடுவம், பாடசாலை மதிய உணவுச் சமையல், கோயில் அன்னதானம், ஊவாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் சின்ன விடுதிகள். இங்கெல்லாம் பத்து மணிக்கு உலை ஏற்ற ஆள் இருக்கும், பன்னிரண்டரைக்குச் சாப்பாடும் வேண்டும்.

இன்னொரு வழி, திபெத்துக்காரர்கள் செய்வது போல அடுப்புக்குத் தண்ணீர் வேலையை மட்டும் கொடுப்பது. நான் முதலில் சொல்வது இதைத்தான். ஊற்றிலிருந்தும் பீலியிலிருந்தும் பிடித்துக் குடிக்கிற தண்ணீரில் உள்ள நோய்க்கிருமி சாக அது கொதிக்க வேண்டியதில்லை. 65 பாகையில் சில நிமிடம் நின்றாலே போதும். நல்ல நாளில் பெட்டி அடுப்பு அதை எளிதாகத் தாண்டிவிடும். காலையில் போகும்போது கறுப்புப் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போனால், அடிப்பிடிக்குமோ பொங்குமோ என்ற பயமில்லை. ஒரு வெப்பமானியை உள்ளே போட்டுச் சில நாள் பார்த்துக்கொண்டால் எந்த மாதிரி நாளில் 65ஐத் தாண்டுகிறது என்று பிடிபட்டுவிடும். சூடு கிருமியைத்தான் கொல்லும். மேலே மரக்கறித் தோட்டத்திலோ தேயிலையிலோ அடித்த மருந்து தண்ணீரில் கலந்திருந்தால் அது அப்படியே இருக்கும். அப்படிச் சந்தேகமுள்ள தண்ணீருக்கு இது வழியில்லை.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். 2022இல் கேஸ் சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு பதில் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய பதில் புகை. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் வரை இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கவ்வாத்து மிலாறு ஈரத்தோடு எரியும்போது லயத்துக் குசினியில் எழும் புகையில் வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பகல் வேளையில் ஒரு உலை குறைந்தாலும் நல்லதுதான்.

தொடங்குபவர்களுக்கு

காசு செலவழிக்கும் முன் ஒரு மாதம் உங்கள் வாசலில் நிழலைப் பாருங்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணிக்கு ஒரு குச்சியை நட்டு, நிழலின் ஓரம் கூர்மையாக விழுகிறதா, மங்கலாக இருக்கிறதா, நிழலே இல்லையா என்று கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் நான்கு, ஐந்து நாள் பத்திலிருந்து ஒன்று வரை கூர்மையான நிழல் விழுந்தால் அந்தப் பருவத்துக்கு உங்கள் வாசல் தேறிவிட்டது. ஒரே தோட்டத்தில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் வித்தியாசம் இருக்கும். கிழக்கே மலை மறைத்தால் கீழே வெயில் இறங்கவே ஒன்பதரை ஆகிவிடும். பெரிய யூக்கலிப்டஸ் மரமோ சவுக்கோ வாசலில் நின்றால் அதன் நிழல் எந்த மாதத்தில் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அட்டைப் பெட்டிகள், இடையில் நான்கு விரல் இடைவெளி. அதற்குள் தேங்காய்த் தும்பு, கசக்கிய பத்திரிகைத் தாள் ஏதாவது ஒன்றை அடைக்க வேண்டும். ரெஜிபோம் வேண்டாம், சூட்டில் உருகி நாறும். உள் பக்கச் சுவருக்கு அலுமினியத் தாள், அடியில் கறுப்புத் தகடு. மேலே ஜன்னல் கண்ணாடி, ஓரத்தில் காற்றுப் புகாதபடி துணிப் பட்டி. வெளிப்பெட்டியின் அட்டை மூடியின் உள்பக்கத்தில் இன்னொரு அலுமினியத் தாளை ஒட்டிச் சாய்த்து நிறுத்தினால் அது வெயிலைக் கண்ணாடிக்குள் திருப்பிவிடும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைப்பது ஒரு பெருமை. சூரிய அடுப்புக்கு அந்தப் பளபளப்பு ஆகாது, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். விறகடுப்பில் கரி பிடித்துப் போன, இனித் தேய்த்தும் பயனில்லை என்று ஒதுக்கிய மெல்லிய அலுமினியச் சட்டிதான் இதற்கு வேண்டும். உள்ளே சுத்தமாகக் கழுவி, வெளியே உதிரும் கரியை மட்டும் துணியால் துடைத்துவிட்டு அப்படியே வையுங்கள். மூடியும் கறுப்பாக இருக்கட்டும். மண்சட்டியும் தடித்த இரும்புச் சட்டியும் சூடேற நெடுநேரம் எடுக்கும்.

முதல் நாள் மைசூர்ப் பருப்பில் தொடங்குங்கள். சீக்கிரம் வேகும், தவறினாலும் நட்டம் சின்னது. ஒரு கப் பருப்பு, இரண்டு கப் தண்ணீர், மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி, பத்து மணிக்கு உள்ளே வைத்துவிடுங்கள். வெந்ததா என்று அடிக்கடி திறந்து பார்க்கத் தோன்றும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் பத்து, பதினைந்து நிமிடச் சூடு போய்விடும். பாத்திர மூடியின் ஓரத்தில் நீர்த்துளி கட்டி வடிகிறதா என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். முக்கால் மணிக்கு ஒருமுறை பெட்டியைச் சூரியன் பக்கம் கொஞ்சம் திருப்பி விடுங்கள். நல்ல நாளில் பன்னிரண்டரைக்குள் பருப்பு குழைந்துவிடும். தேங்காய்ப்பாலும் தாளிப்பும் வீட்டு அடுப்பில்தான்.

பாதியில் மூட்டம் ஏறிவிட்டால் காத்திருக்க வேண்டாம். இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கும் சாப்பாட்டில் கிருமி பெருகும், மீனும் இறைச்சியும் இருந்தால் இன்னும் மோசம். வெயில் மறைந்து ஒரு மணி நேரத்தில் திரும்பவில்லை என்றால் எடுத்து விறகிலோ கேஸிலோ கொதிக்கவிட்டு முடித்துவிடுங்கள். நன்றாக வெந்த பிறகு மூட்டம் வந்தால் கவலையில்லை. சட்டியைத் திறக்காமல் தடித்த கம்பளியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்தால் பகல் சாப்பாட்டு நேரம் வரை சூடாகவே இருக்கும்.

குரங்குத் தொல்லை உள்ள இடத்தில் கண்ணாடி மூடிக்கு ஒரு கொக்கி போடாமல் விடாதீர்கள். மழைப் பருவம் தொடங்கியதும் பெட்டியை இஸ்தோப்பில் போட்டு வைக்காமல், கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி, பெட்டியை அட்டாளையில் புகை படாத பக்கம் ஏற்றிவிடுங்கள். அட்டைக்கு ஈரம் ஏறினால் அடுத்த பருவத்துக்குப் புதிதாகச் செய்ய வேண்டிவரும்.